துண்டு ஆடினால் ஓடு

எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்க ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஊர்த் தலைவரான அம்பலக்காரர், உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின் மேல் நின்று வெள்ளைத் துண்டை ஆட்டும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. கோடையில் கண்மாய் வற்றி, முழங்கால் அளவு சேறும் தண்ணீருமாகக் கிடக்கும்போது வைகாசியில் ஒரு நாள் குறிப்பார்கள். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து கரையைச் சுற்றி நிற்பார்கள். கையில் ஊத்தா இருக்கும். மூங்கில் சிம்பால் பின்னிய, அடியும் மேலும் திறந்த கூடை அது. சேற்றில் கவிழ்த்து அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு, உள்ளே சிக்கிய மீனைத் துழாவி எடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் அன்று ஒரு துண்டுக்குக் கட்டுப்பட்டு நிற்பார்கள். துண்டு ஆடியதும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு முறை சமத்துவம் இருந்தது. அரை மணி நேரம் நீடித்தது.

அந்தச் சட்டத்தை மீறியவன் என்று என் தம்பியை ஊர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. அவன் மீறவில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

தம்பி என்றால் உடன்பிறந்தவன் இல்லை, சித்தப்பாவின் மகன். எனக்குப் பதினொரு வயது நடந்தபோது அவனுக்கு எட்டு. பார்ப்பவர்கள் ஐந்து என்பார்கள். சிறிய தலை. கீறிவிட்டாற்போல் சின்னக் கண்கள். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே எல்லோருக்கும் இருக்கும் பள்ளம் அவனுக்கு இல்லை, வழவழவென்று இருக்கும். மேலுதடு கோடு போட்டதுபோல மெல்லியது. யார் கூப்பிட்டாலும் போவான். பாத்திரம் விற்க வருகிறவரின் மடியில்கூடப் போய் உட்கார்ந்துகொள்வான். காலையில் படித்த எழுத்து மதியச் சோற்றுக்குள் அவனை விட்டுப் போய்விடும். ஒரு வேலை சொன்னால் செய்வான். இரண்டைச் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் செய்யாமல் நடுவில் நிற்பான். நேற்று எதற்காக அடி வாங்கினானோ அதையே இன்று சிரித்துக்கொண்டு செய்வான். எங்கே போயிருந்தாய் என்று கேட்டால், நினைவில் இல்லாத இடத்தை ஏதாவது ஒன்றை வைத்து நிரப்புவான். யானை பார்க்கப் போனேன் என்பான். ஊரில் அவனுக்குக் கிறுக்கன் என்றும் புளுகன் என்றும் இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயரை வைத்தவன் நான்.

ஏன் இப்படிப் பிறந்தான் என்று யாராவது கேட்டால், கிரகண நேரத்தில் சின்னம்மா வெளியே வந்துவிட்டாள் என்று பதில் சொல்லி முடித்துக்கொள்வார்கள். சின்னம்மா என்பது அவனுடைய அம்மா. அவள் கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்ததை என் அம்மாவே பார்த்திருக்கிறாள். ஆனாலும் அந்தக் காரணம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

வேறொரு காரணம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது போன வருடம்தான். என் மகள் புதுக்கோட்டையில் சிறப்புக் கல்வி ஆசிரியை. மனவளர்ச்சியிலும் கற்றலிலும் சிரமப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் அவளை அழைத்துவரப் போய் வாசல் அறையில் காத்திருந்தேன். கட்டுமாவடிப் பக்கத்திலிருந்து தாயுடன் வந்திருந்த சிறுவன் ஒருவன், என்னை முன்பின் பார்த்திராதவன், நேரே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். தம்பியின் முகம்.

வீட்டுக்கு வரும் வழியில் மகளிடம் கேட்டேன். கருக்கால மதுப் பாதிப்பு என்றாள். தாய் சூலுற்றிருக்கும்போது உள்ளே போகும் மது குழந்தையின் மூளையைத் தொட்டுவிடுகிறது, பிறகு அதைத் திருப்ப முடியாது, ஆனால் அந்தப் பிள்ளையோடு எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டால் அவனும் நன்றாக வாழலாம் என்று சொன்னாள்.

"அப்ப அந்தம்மா குடிச்சிச்சா?" என்றேன்.

"அப்பா, மொதல்ல இந்தக் கேள்விய விடுங்க. பாதிப் பேருக்கு அது கெடுதல்னே தெரியாது. மருந்துன்னு நெனச்சு வீட்டுல உள்ளவங்களே குடுத்திருப்பாங்க. அம்மாவத் திட்டிட்டா புள்ளைக்கு யாருப்பா இருக்கா?"

சின்னம்மா தம்பியைச் சுமந்திருந்தபோது எதுவும் வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள் என்று என் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். உடம்புச் சூடு, குளிர்ச்சி வேண்டும் என்று எங்கள் அப்பா தோப்பிலிருந்து கள் இறக்கி அனுப்பினார். அப்போது மதுவிலக்குக் காலம். பதநீர் என்ற பெயரில் எல்லாம் நடக்கும். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு, மாதக்கணக்கில். சின்னம்மாவுக்கு அந்த வாடையே ஆகாது. மூத்தவர் அனுப்பியது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாளாம். கொடுத்தது எங்கள் வீடு. அன்பாகத்தான் கொடுத்தார்கள். பிறகு பிள்ளையைக் கிறுக்கன் என்று முதலில் அழைத்ததும் எங்கள் வீடுதான்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆல்கஹாலின் கட்டமைப்பைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஒருமுறைகூடச் சின்னம்மாவின் செம்பு நினைவுக்கு வந்ததில்லை. இப்போதும் நான் மருத்துவன் இல்லை, செத்துப்போன தம்பிக்கு நோயின் பெயர் சூட்ட எனக்கு உரிமையில்லை என்று மகளிடம் சொன்னேன். "பேரு வேணாம்ப்பா. அவர எப்பிடி வச்சிருந்தீங்க, அதச் சொல்லுங்க" என்றாள். அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு மகன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பொறுமைதான் இல்லை. பள்ளிக்கூடத்தில் தம்பி மூன்று வருடமாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அந்த வருடம் வாத்தியார் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடைக்காரர்கள் எங்கள் பகுதிக்கு வருவார்கள். பெரிய மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், எருவுக்காக ஆடுகளை இரவில் வயல்களில் அடைத்துக் கிடை போடும் அவர்களின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். ஆடு மேய்க்கப் பையன்களை ஊர்களிலிருந்து கூட்டிப்போவார்கள். ஆடு ஊர் சுற்றி வரும்வரை பையன் வீட்டைப் பார்க்க முடியாது. தம்பியைக் கீதாரியிடம் விட்டுவிடுவது என்று சித்தப்பா முடிவு செய்தார்.

சின்னம்மா எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று சித்தப்பாவிடம் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"மீன்புடி வரைக்கும் பொறுங்க. நாலு பேரு மாதிரி கரையில நின்னு, துண்டு ஆட்டுனதும் எறங்கிக் காட்டுவான். அதச் செஞ்சுட்டான்னா எம்புள்ளைக்குச் சொன்னா ஏறும்னு ஒத்துக்குங்க. இங்கனயே எதாச்சும் வேல பழக்கிக்கிறேன்."

"அவனா? துண்டு ஆடுற வரைக்கும் அவன் கரையில நிப்பானா?" சித்தப்பா சிரித்தார். "சரி, நின்னுட்டான்னா கெடைக்கு அனுப்பல. போ."

அன்றிலிருந்து தினமும் வெயில் தாழ்ந்ததும் சின்னம்மா தன் வீட்டு முற்றத்தில் தம்பியை ஒரே இடத்தில் நிறுத்துவாள். கையில் ஊத்தாவைக் கொடுப்பாள். எதிரே போய் நிற்பாள். வேறு பேச்சு எதுவும் பேச மாட்டாள். வெகுநேரம் சும்மா நிற்பாள். தம்பி காக்கையைப் பார்ப்பான், காலைச் சொறிவான், உட்கார்ந்துவிடுவான். திட்ட மாட்டாள். போய் எழுப்பி, அவன் முகத்தைக் கையால் திருப்பித் துண்டைக் காட்டிவிட்டு, மறுபடி எதிரே போய் நிற்பாள். பிறகு துண்டை ஆட்டி, "துண்டு ஆடுச்சு, ஓடு" என்பாள். அவன் ஓடி வந்து அவள் காலடியில் ஊத்தாவைக் கவிழ்ப்பான். உள்ளே ஒரு வெல்லக்கட்டி இருக்கும்.

நானும் என் கூட்டாளிகளும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்போம். எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. நேற்று தெரிந்தது இன்று மறந்துபோகும், சின்னம்மா முதலிலிருந்து தொடங்குவாள். இந்தப் பெண்பிள்ளைக்கும் புத்தி இல்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். போன வருடம் என் மகளின் வகுப்பில் அந்தக் கட்டுமாவடிப் பையனுக்குச் செருப்புப் போடப் பழக்குவதைப் பார்த்தேன். "செருப்பு" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மகள் சும்மா இருந்தாள். நான், "இடது கால் தம்பி, அந்த வாரைப் பிடி, திருப்பு" என்று விளக்கத் தொடங்கினேன். "அப்பா, வாய மூடிட்டுச் செத்த இருக்கீங்களா? நீங்க பேசுன ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் ஒரு தடவ மொதல்ல இருந்து வரணும்" என்றாள். ஒரு சொல், ஒரே இடம், ஒரே நேரம், கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம், மறந்தால் அடிக்காமல் மறுபடி. சின்னம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

மீன்பிடிக்கு முந்தைய வாரம் தம்பி தவறாமல் நிற்கத் தொடங்கிவிட்டான். துண்டு ஆடாதவரை கல் மாதிரி நின்றான். வேலிக்கு வெளியே எங்கள் சிரிப்பு நின்றுபோயிற்று. சின்னம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பு, கரையில ஆம்பளப் புள்ளைகளோட நிக்கணும். நான் பொம்பளைக பக்கம் போயிருவேன். நீ அவன் பக்கத்துல நிக்கிறியா? ஒண்ணுஞ் செய்ய வேணாம். நின்னாப் போதும்."

நிற்கிறேன் என்றேன்.

அன்று காலை கண்மாய்க் கரை முழுவதும் தலைகளாக இருந்தது. நானும் தம்பியும் புளியமரத்துக்குக் கீழே, சரிவின் விளிம்பில் நின்றோம். அவன் புதுக் கால்சட்டை போட்டிருந்தான். கலிங்கு எங்களுக்குக் கிழக்கே இருந்தது. அம்பலக்காரர் சூடம் கொளுத்திக் கண்மாய்க் காவல் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கும்பிடு எப்போதும் நீளமானது. தம்பி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றான். நெடுநேரம் அப்படி நின்றான். அசையவில்லை.

என் கூட்டாளிகள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

"என்னடா, கிறுக்கனுக்குக் காவலா?"

"ஒங்க சின்னம்மா ஒனக்கும் வெல்லம் வச்சிருக்காகளா?"

"கெடைக்கு ரெண்டு பேத்தையும் சேத்து அனுப்பப் போறாகளாம்டா."

நான் வகுப்பில் முதல் மாணவன். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. காது சூடாயிற்று. நான் அவனைச் சேர்ந்தவன் இல்லை என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். இடுப்புக்குக் கீழே, அவன் கண்ணில் படும்படி இரண்டு முறை ஆட்டினேன்.

வேண்டுமென்று செய்தேனா, விளையாட்டாகச் செய்தேனா என்று நெடுங்காலம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன்.

அவன் ஓடினான். "துண்டு ஆடுச்சூ!" என்று கத்திக்கொண்டு சரிவில் இறங்கித் தண்ணீரில் பாய்ந்தான். ஒருவன் இறங்கியதைப் பார்த்ததும் எங்கள் கரையில் நின்ற அத்தனை பேரும் இறங்கினார்கள். எதிர்க்கரைக்காரர்கள் கெட்ட வார்த்தைகளால் கூவிக்கொண்டே அவர்களும் இறங்கினார்கள். அம்பலக்காரர் கையில் உடைக்காத தேங்காயுடன் நின்றார். அவரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் சேற்றுக்குள் மீனைவிட மனிதர்கள் அதிகமாகப் புரண்டார்கள். இரண்டு ஊர்க்காரர்களுக்குள் அடிதடி ஆனது. ஒருவருக்கு மண்டையில் காயம்.

எல்லாம் அடங்கிய பிறகு முதலில் இறங்கியது யார் என்று விசாரித்தார்கள். எல்லா விரல்களும் ஒரு பக்கமே நீண்டன. தம்பி இன்னும் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தான். ஊத்தாவுக்குள் கையை விட்டு ஒரு விரால் மீனைப் பிடித்திருந்தான். அவ்வளவு கூச்சலுக்கு நடுவிலும் சின்னம்மா சொல்லிக்கொடுத்தபடி அவன் கவிழ்த்து, அழுத்தி, துழாவி எடுத்திருக்கிறான். மீனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் அவன் அம்மாவைத் தேடினான்.

அம்பலக்காரர் அவனைக் கரையேற்றி, "ஏண்டா எறங்குன?" என்றார்.

"துண்டு ஆடுச்சு."

"எந்தத் துண்டுடா ஆடுச்சு? நானே இன்னும் கும்புட்டு முடிக்கல."

"அண்ணே துண்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்பலக்காரர் நல்ல மனிதர். கோபமில்லாமல்தான் கேட்டார். "நீ ஆட்டுனியா?"

"இல்லீங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவன் எப்பவும் இப்பிடித்தாங்க. எதாச்சும் சொல்லுவான். நேத்து யானையப் பாத்தேன்னான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்பலக்காரர் தலையசைத்தார். "படிக்கிற புள்ள சொல்லுது, அப்பறம் என்ன?" என்றார். என் கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். ஊர் வழக்கப்படி ஊத்தாவைக் கரையில் போட்டு மிதித்து உடைத்தார்கள். மீனை வாங்கித் திரும்பக் கண்மாயில் விட்டார்கள். தம்பி அதற்குத்தான் அழுதான். சித்தப்பா அவனை அங்கேயே அடித்தார். அடித்து முடித்ததும் அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். வீடுவரை பிடித்துக்கொண்டே வந்தான். நடந்ததை மறந்துவிட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கீதாரி வருவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.

சின்னம்மா தினமும் சாயங்காலம் எங்கள் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவாள். நான் துவைகல்லில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். மீன்பிடிக்கு மறுநாள் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பு, சித்தப்பாக்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா."

"சரி. நாளைக்கு வாரேன்."

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தாள். அதே இடத்தில் நின்றாள். அதே கேள்வி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் ஒண்ணுமில்லை என்றதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். நான் கிணற்றுப் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கேயும் வந்து கேட்டாள். இவள் எதற்காக என்னிடம் இதையே கேட்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது. சந்தேகப்படுகிறாள், ஆனால் பார்த்திருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பெண்கள் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே நின்றாள். அன்று கரையில் இருந்த அத்தனை பேரும் அம்பலக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பார்த்ததை அவளே சொல்லியிருக்கலாம். யார் நம்பியிருப்பார்கள்? தோப்பும் கிணறும் வைத்திருக்கும் மூத்தவர் மகன்மேல், இளையவர் பெண்டாட்டி, தன் பிள்ளையைக் காப்பாற்றப் பழி போடுகிறாள் என்பார்கள். தம்பியின் சொல் செல்லாது. அவள் சொல்லும் செல்லாது. ஊரில் செல்லக்கூடிய சொல் என்னிடம்தான் இருந்தது. அதற்காக அவள் காத்திருந்தாள்.

ஒரு காலை நேரத்தில் கீதாரி மந்தையோடு வந்தார். தம்பிக்கு ஆட்டுக்குட்டிகளைப் பார்த்ததும் ஒரே குதூகலம். ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் இழுக்காமலே முன்னால் நடந்தான். திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணே, சாயங்காலம் வந்துருவேன்" என்று கத்தினான். சாயங்காலம் என்றால் என்ன, வருடம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது.

அவன் திரும்பி வந்தபோது சின்னம்மா பழக்கிய எதுவும் அவனிடம் மிஞ்சவில்லை. சொன்னதையெல்லாம் செய்கிற ஒருவனை வைத்து உலகம் என்னென்ன செய்துகொள்ளுமோ அதையெல்லாம் அவனை வைத்துச் செய்துகொண்டது. வேடிக்கைக்காகச் சாராயம் ஊற்றிக்கொடுத்தார்கள், குடித்தான். யாரோ எடுக்கச் சொன்னதை எடுத்து அடிபட்டான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வயல்காட்டில் இறந்தான். அப்போது அவனுக்கு முப்பது ஆகவில்லை. நான் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாடம் நடத்திவிட்டு அடுத்த நாள் போனேன்.

அவன் கீதாரியோடு போன அன்று மாலையும் சின்னம்மா தண்ணீருக்கு வந்தாள். ராட்டினம் உருளும் சத்தம் கேட்டது. எனக்கு ஒளிய நேரமில்லை. துவைகல்லில் உட்கார்ந்திருந்தவன், கேட்கப்போகிறாள் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. பிறகு எப்போதுமே கேட்கவில்லை.

சின்னம்மாவுக்கு என்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.